பரணில் கிடந்த பழைய வாள்: துலக்குவதற்கு முன்னும் பின்னும்

பழைய வீட்டை இடிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ பரணிலிருந்து ஒரு வாள் இறங்கும். சாக்கிலோ நைந்துபோன வேட்டியிலோ சுற்றியிருக்கும். அவிழ்த்துப் பார்த்த அரை மணி நேரத்துக்குள் ஒருவர் புளியைக் கரைப்பார், இன்னொருவர் உப்புத்தாள் வாங்க ஓடுவார். நூறு நூற்றைம்பது வருஷம் பரணில் கிடந்து அந்த வாள் இழந்ததைவிட அந்த அரை மணி நேரத்தில் இழப்பது அதிகம். அலகில் பொறித்த எழுத்து, பிடியில் பதிந்த வெள்ளி இழை, உருக்கின் ரேகை எல்லாமே மேல்தோலில்தான் இருக்கின்றன. சில இடங்களில் அந்தத் தோல் தலைமயிர் கனம்கூட வராது. உரித்துவிட்டால் மிஞ்சுவது பளபளக்கும் ஓர் இரும்புப் பட்டை.

இங்கே சொல்வது நம் பக்கத்து வீடுகளிலும் குலதெய்வக் கோயில்களிலும் அதிகம் கிடைக்கும் பொருட்களை வைத்து: வளைந்த அலகும் இரும்புப் பிடியும் உள்ள தல்வார் வகை வாள், கட்டாரி, ஈட்டி முனை. கிடைத்தது துப்பாக்கியோ இரும்புக் குண்டோ என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள்.

உறையிலிருந்து உருவுவது

பெரும்பாலான விபத்துகள் இங்கேதான் நடக்கின்றன. பழைய உறை என்பது இரண்டு மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டி, மேலே தோலோ வெல்வெட்டோ போர்த்தியது. ஒட்டுப்பசை செத்துப்போயிருக்கும். உறையை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு வாளை இழுத்தால், கூர் இருக்கும் பக்கத்து இணைப்பு பிளந்து அலகு நேரே விரலுக்குள் இறங்கும். வாளை மேசையில் கிடத்தி, கூர் பக்கத்தைத் தொடாமல், தட்டையான இரண்டு பக்கங்களையும் கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் பிடித்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில், அலகின் வளைவுக்கு ஏற்ப, மெதுவாக.

வரவில்லையா, சுத்தியலை எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் ஊதி அலகைப் பிடித்திருக்கலாம். வாளை உறையோடு பாலிதீன் உறையில் போட்டு, அரைக் கிலோ சிலிக்கா ஜெல் சேர்த்து வாயைக் கட்டி ஒரு வாரம் விடுங்கள். மரம் சுருங்கினால் தானாகவே இளகும். அப்படியும் அசையாவிட்டால் துரு மரத்தோடு சேர்ந்து கெட்டித்துவிட்டது என்று பொருள். அதை வீட்டில் பிரிக்க முடியாது.

உருவியபின் வாளை மறுபடி அந்த உறையில் போட வேண்டாம். தோல் பதனிட்ட அமிலமும் மரத்திலிருந்து கசியும் அமில ஆவியும் இரும்பைத் தின்னும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், தனித்தனியாக.

தொடுவதற்கு முன் பார்ப்பது

கையுறை போடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் நீலநிற நைட்ரைல் கையுறை போதும். பருத்திக் கையுறை வழுக்கும், வியர்வையையும் உறிஞ்சும். வெறுங்கையால் தொட்ட இடத்தில் இரண்டு வாரம் கழித்து விரல்ரேகை அப்படியே துருவாக எழும்பியிருக்கும். வியர்வை உப்பின் வேலை அது.

வெள்ளைத் துணியில் கிடத்தி, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை அலகுக்குக் கிட்டத்தட்ட இணையாகப் படுக்க வைத்து வெளிச்சம் பாய்ச்சுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாத அலகில் முத்திரை, எழுத்து, எண், பிறைக்குறி எல்லாம் நிழலாக எழும். முக்கியமாகப் பிடியை ஒட்டிய முதல் ஒரு சாண் நீளத்தையும் அலகின் முதுகையும் பாருங்கள். பிடியின் வட்டத் தகட்டுக்கு அடியில் ஆயுதச்சாலை எண் புள்ளிகளாகக் குத்தியிருப்பதும் உண்டு.

அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள்: அலகின் நீளம், பிடியருகே அகலம், மொத்த எடை, கனம். கனம்தான் அதிகம் பேசும். கொல்லன் அடித்த பழைய அலகு பிடியருகே 5 முதல் 7 மில்லிமீட்டர் இருந்தால், நுனியை நெருங்கும்போது 2, 3 மில்லிமீட்டருக்கு இறங்கியிருக்கும். தொடக்கம் முதல் நுனிவரை ஒரே கனத்தில் இருந்தால் அது தகட்டிலிருந்து வெட்டிய அலங்கார வாளாக இருக்க வாய்ப்பு அதிகம். போலியாகப் பழசாக்கிய வாளில் குழிகளும் ஒரே சீராக இருக்கும், அமிலத்தில் முக்கி எடுத்ததால். நிஜத் துரு அப்படி நியாயமாகப் பங்கு போடாது. உறையின் வாய்ப்பக்கம், கை பட்ட இடம், சுவரில் சாய்ந்திருந்த பக்கம் என்று ஓரவஞ்சனை செய்யும்.

அலகு நேராக, இருபக்கமும் கூராக, நடுவில் நீளவாக்கில் பள்ளங்களோடு இருந்தால் அது ஐரோப்பாவில் செய்து கடல்வழி வந்த அலகாக இருக்கலாம். ஃபிரங்கி என்று அழைக்கப்பட்டவை அவை. ஜெர்மனியின் பாசாவ், சோலிங்கன் ஊர்களோடு தொடர்புடைய ஓடும் ஓநாய் முத்திரையும், ஜெனோவாவோடு சேர்த்துச் சொல்லப்படும் இரட்டைப் பிறைக்குறியும் தென்னிந்தியப் பிடிகளுக்குள் அடிக்கடி தென்படுகின்றன. 17-ஆம் நூற்றாண்டுத் தஞ்சைக் கட்டாரிகள் சிலவற்றில் உடைந்த ஐரோப்பிய அலகின் துண்டையே வெட்டி, ஆணி அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். அதனால் அலகும் பிடியும் பொருந்தவில்லையே என்று பார்த்ததும் ஒட்டுவேலை என முடிவுகட்ட வேண்டாம். ஒட்டுவேலைதான், ஆனால் அன்றே செய்தது.

இன்னொரு சாத்தியம் உருக்கு. மூசையில் உருக்கி எடுத்த, ஒன்றரை சதவீதத்தை ஒட்டிக் கரிமம் கொண்ட எஃகு. சேலம் வட்டாரத்தில் 19-ஆம் நூற்றாண்டுவரை செய்தார்கள். லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819-இல் உட்கார்ந்து ஆராய்ந்தது இந்த எஃகைத்தான். இதில் அடித்த அலகின் மேல் தண்ணீரில் நெளியும் ரேகைபோல ஒரு வரிவடிவம் இருக்கும். துரு இல்லாத ஒரு சின்ன இடத்தில், சாய்ந்த வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். தெரியவில்லை என்பதற்காக அரம் போட்டுப் பார்க்காதீர்கள். ரேகையை மீட்கத் தேய்த்து மெருகேற்றி, பிறகு அரிக்கும் கரைசல் பூச வேண்டும். அது கைதேர்ந்தவர் வேலை. உருக்கு என்ற சந்தேகம் வந்துவிட்டால், துலக்கும் வேலையை எண்ணெய்த் துடைப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

துருவின் நிறம்

எல்லாத் துருவும் எதிரி இல்லை. கறுப்பாகவோ அடர்பழுப்பாகவோ, கெட்டியாக, நகத்தால் சுரண்டினால் வராத படிவு இரும்புக்குப் போர்வை. அது இருக்கட்டும். ஆரஞ்சு நிறத்தில், வெள்ளைத் துணியால் தொட்டால் பொடியாக ஒட்டிக்கொள்வது உயிரோடு இருக்கும் துரு. எடுக்க வேண்டியது அதை மட்டும்தான்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. அலகின் மேல் தேன் நிறத்தில் சின்னச் சின்னத் துளிகள் வியர்த்திருக்கும், காய்ந்தால் உள்ளே வெற்றான கொப்புளமாக நிற்கும், அடியில் செதில் செதிலாக உரியும். கடலோர வீடுகளிலும் மண்ணுக்குள் கிடந்த பொருட்களிலும் இது சகஜம். இரும்பின் துளைகளுக்குள் குளோரைடு உப்பு இறங்கிவிட்டது. இதன்மேல் எண்ணெயோ மெழுகோ பூசினால் உள்ளே அது தன் வேலையைத் தொடரும். மூடி போட்ட பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு அடைத்துவிட்டு நிபுணரிடம் கேளுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது.

துலக்குவது

தேவையானவை அதிகமில்லை. பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பென்டைன் அரை லிட்டர். வாசனை சேர்க்காத தையல் மிஷின் எண்ணெய் 100 மில்லி. மிக நைசான 0000 ரக ஸ்டீல் வுல் ஒரு பொட்டலம். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் இதற்கு ஆகாது, கோடு கோடாகக் கீறிவிடும். மூங்கில் குச்சி, பஞ்சு, பழைய பருத்தி வேட்டித் துணி, மென்மையான பிரஷ். ஜன்னலைத் திறந்து வையுங்கள். டர்பென்டைன் இருக்கும் அறையில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது. நனைந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

முதலில் உலர்ந்த பிரஷால் தூசி. அடுத்து பிசுக்கு. குலதெய்வக் கோயில் வாள்களில் வருஷா வருஷம் பூசிய எண்ணெயும் விபூதியும் குங்குமமும் சேர்ந்து தார்போலக் கெட்டித்திருக்கும். சுரண்ட வேண்டாம். பஞ்சை டர்பென்டைனில் நனைத்துப் பிழிந்து மேலே பரப்பி, பாலிதீன் தாளால் 20 நிமிடம் மூடி வையுங்கள். இளகியதும் துணியால் துடைத்தால் வந்துவிடும். மூன்று நான்கு தடவை செய்ய வேண்டியிருக்கும். அந்தப் பிசுக்குக்கு அடியில் அலகு நல்ல நிலையில் இருப்பதைப் பல சமயம் பார்க்கலாம். இத்தனை காலம் காற்று புகாமல் காத்தது அதே பிசுக்குதான்.

இப்போது ஆரஞ்சுத் துரு. முழு வாளிலும் கை வைக்காமல், எளிதில் கண்ணில் படாத இடத்தில் 2 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். மறுநாள், கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் துருவின் முண்டுகளை நெம்புங்கள். மூங்கில் இரும்பைக் கீறாது, துருவை மட்டும் கிளப்பும். பிறகு ஸ்டீல் வுல்லில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு, அலகின் நீளவாக்கில் மட்டும், விரலின் எடையைத் தாண்டாத அழுத்தத்தில் தேயுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. இருபது முப்பது இழுப்புக்கு ஒரு தரம் நிறுத்தி வெள்ளைத் துணியால் துடைத்து, துணியைப் பாருங்கள்.

துணி சொல்வதைக் கேட்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம். முதலில் செங்காவி நிறம் வரும். அது வரும்வரை தொடரலாம். பிறகு நிறம் மங்கிப் பழுப்பாகும். கருஞ்சாம்பல் நிறம் தட்டுப்பட்ட கணமே கையை எடுத்துவிட வேண்டும். இனி போவது துரு இல்லை, போர்வை. அலகு இன்னும் கறுப்பாக, திட்டுத்திட்டாக, குழியோடுதான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். குழிகளுக்குள் இருக்கும் துருவைத் துரத்திக்கொண்டு போனால் குழியின் ஆழம்வரை மொத்த அலகையும் இறக்கும்படி ஆகிவிடும்.

சோதனைச் சதுரம் திருப்தியாக இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு சாண் என்று நகருங்கள். ஒரே மூச்சில் முடிக்க உட்கார்ந்தவர்கள் கடைசிச் சாணில் அழுத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். வாளில் அது தெரியும்.

பொன், வெள்ளி வேலை உள்ள இடத்தில் ஸ்டீல் வுல் படவே கூடாது. கோஃப்ட்காரி எனப்படும் இந்த வேலையில், இரும்பின் மேல் குறுக்கும் நெடுக்கும் நுண்ணிய கீறல் போட்டு, அந்தச் சொரசொரப்பில் பொன்னிழையை வைத்துத் தட்டிப் பிடிக்க வைப்பார்கள். அடியில் துரு ஏறினால் இழை மேலே மிதந்து நிற்கும். நனைத்த பஞ்சை உருட்டி ஒற்றி எடுப்பதோடு சரி. பிடி முழுக்கக் கறுப்பாக இருந்தாலும் பூதக்கண்ணாடியில் அந்தக் கட்டக்கட்டமான கீறல் தெரிந்தால், அங்கே ஒரு காலத்தில் பொன்னோ வெள்ளியோ இருந்தது. மிச்சம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

பித்தளைக் குமிழ், பித்தளைப் பட்டை இருந்தால் பாத்திரம் விளக்கும் பொடி வேண்டாம். அமிலம் இரும்பும் பித்தளையும் சேரும் இடுக்கில் தங்கிவிடும், மாதக்கணக்கில் தின்னும். டர்பென்டைன் துடைப்பு மட்டும் போதும். பித்தளை மங்கலாகவே இருக்கட்டும். வெளிர்பச்சை மாவாகப் பூத்து, துடைத்தும் மறுபடி பூத்தால் அதுவும் குளோரைடுதான். உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள்.

புளி, கடுக்காய், சாணைக்கல்

எப்படியும் யாராவது யோசனை சொல்வார்கள், அதனால் பதிலை வைத்துக்கொள்வது நல்லது. புளியும் எலுமிச்சையும் துருவையும் கரைக்கும், இரும்பையும் கரைக்கும். மேலே சாம்பல் நிறத்தில் செத்த மாதிரி ஒரு தோல் விழும், அடுத்த மழையில் முன்பைவிட வேகமாகத் துரு பிடிக்கும். கடையில் விற்கும் துரு நீக்கிகளில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் சரி, வாளுக்கு ஆகாது. கடுக்காய்த் தண்ணீர் கொஞ்சம் விவரமான யோசனை. அதிலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து நிஜமாகவே நிலையான கறுப்புப் படலம் கட்டும். ஆனால் திரும்பி வர வழியில்லை, உருக்கு ரேகை இருந்தால் அதையும் மூடிவிடும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் நாளடைவில் சிக்குப்பிடித்து அமிலமாகும், தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும்.

பட்டறையில் கொடுத்து பஃபிங் மிஷினில் காட்டுவதும் அதன்மேல் நிக்கல் முலாம் பூசுவதும் எல்லாவற்றிலும் மோசம். எழுத்தின் ஓரம் மழுங்கும், முதுகின் விளிம்பு உருண்டுவிடும். ஒருதரம் போனால் எந்த நிபுணராலும் மீட்க முடியாது. சாணை பிடிப்பதும் அப்படியே. பழைய அலகின் கூரில் இருக்கும் சின்னச் சின்னப் பற்கள்கூட அது எதன்மேல் மோதியது என்பதற்கான சாட்சி.

ஆடும் பிடி

தல்வாரின் பிடிக்குள் அலகின் வால் குட்டையாகத்தான் போகும். ஆணி இல்லாமல், உருக்கி ஊற்றிய அரக்கில்தான் பெரும்பாலும் நிற்கிறது. அரக்கு காலப்போக்கில் நொறுங்கி, பிடி கடகடவென ஆடும். இதனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பிடியை மட்டும் பிடித்து வாளைத் தூக்காதீர்கள், வீசிப் பார்க்கவும் வேண்டாம். அலகு கழன்று பறக்கும். இன்னொரு கையால் அலகைத் தாங்குங்கள். இரண்டு, அரக்கு 70 டிகிரி சூட்டை நெருங்கும்போது இளகும், ஸ்பிரிட்டில் கரையும். வாளை வெயிலில் காயவைப்பது, சுடுதண்ணீரில் கழுவுவது, பிடியின் வாயருகே ஆல்கஹால் கலந்த எதையும் பயன்படுத்துவது மூன்றும் கூடாது. அந்த இடத்துக்கு டர்பென்டைன் மட்டும்தான், அதுவும் பிழிந்த பஞ்சில்.

ஆட்டத்தை நிறுத்த எம்-சீல், அரால்டைட் போடுவது பரவலான தவறு. பின்னாளில் யாராவது பிரிக்க நினைத்தால் அலகின் வாலை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அரக்கில் நின்றதை அரக்கிலேயே நிறுத்துங்கள். தெரிந்தவர் கிடைக்காவிட்டால் பருத்தி நாடாவால் லேசாகக் கட்டிப் படுக்க வைத்துவிடலாம். சுவரில் தொங்காத வாளுக்குப் பிடி ஆடினால் என்ன நஷ்டம்?

மெழுகும் பெட்டியும்

துலக்கியபின் அலகில் எண்ணெய் மிச்சமிருக்கக் கூடாது. டர்பென்டைனால் இரண்டு தடவை துடைத்து, பஞ்சு அழுக்கில்லாமல் வரும்வரை பாருங்கள். ஈரம் போக ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்து அலகைக் கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவரலாம், பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளியே. பிறகு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான ரினைசான்ஸ் வாக்ஸ் இந்த வகைதான், இணையத்தில் வரவழைக்கலாம். பட்டாணி அளவு எடுத்து அரை அலகுக்குத் தடவலாம். மெல்லிசாகப் பூசி, ஐந்து நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் மெருகேற்றுங்கள். மறுநாள் இன்னொரு பூச்சு. தேன்மெழுகில் லேசான அமிலம் உண்டு, கார் பாலிஷில் தேய்க்கும் பொடி உண்டு. இரண்டும் வேண்டாம். கடலோர ஊர் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, உள்நாட்டில் வருஷத்துக்கு ஒருமுறை மெழுகைப் புதுப்பிக்கலாம்.

மெழுகைவிட முக்கியம் காற்றின் ஈரம். இரும்பு நிம்மதியாக இருக்க ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சென்னைக் காற்றில் 70 சதவீதம் சாதாரணம். அடைத்த உறை இல்லாமல் இதற்கு வழியில்லை. நீளமான வாளுக்குப் பெட்டி கிடைக்காது என்று பி.வி.சி. குழாயில் போட்டு மூடி வைக்கிறார்கள். பி.வி.சி. நாளாக நாளாகக் குளோரின் சேர்ந்த ஆவியை விடும், காசு கொடுத்துத் துரு வாங்கினது போல. பேக்கிங் பொருள் விற்கும் கடையில் கனமான பாலிதீன் குழாய்ச் சுருள் கிடைக்கும். வேண்டிய நீளத்துக்கு வெட்டி, வாளை வைத்து, வாளின் எடை எவ்வளவோ அவ்வளவு சிலிக்கா ஜெல்லைத் துணிப்பைகளில் போட்டு, இரண்டு முனையையும் சீலரால் ஒட்டுங்கள். ஈரம் ஏறினால் நிறம் மாறும் ஆரஞ்சு ரகத்தை வாங்குங்கள். நீல ரகத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, கையாள்வது நல்லதில்லை. ஜெல் நிறம் மாறியதும் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்றையும் உள்ளே போட்டுவைத்தால் ஊகம் தேவையில்லை.

பிடி தந்தத்திலோ கொம்பிலோ மரத்திலோ இருந்தால் கணக்கு மாறும். அவ்வளவு உலர்ந்தால் அவை வெடிக்கும். 45 முதல் 50 சதவீதத்தில் நிறுத்தி, அலகின் மெழுகை நம்ப வேண்டியதுதான். மரத்தாலான வளரிக்கும் இதே அளவு. புதுக்கோட்டை, சென்னை அருங்காட்சியகங்களில் வளரியைப் பார்த்திருப்பீர்கள். கத்திபோல வளைந்த அந்தக் கட்டையில் புதிதாகப் பொடிமாவு உதிர்ந்தால் வண்டு இருக்கிறது. பாலிதீனில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் ஒரு நாள் கழித்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரியுங்கள்.

வாளைச் சுற்ற, கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி. செய்தித்தாளில் அமிலம், கம்பளியிலும் ரப்பரிலும் கந்தகம்.

ஆயுத பூஜை

பூஜைக்கு வாளை வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லப்போவதில்லை. பிரச்சினை வாளின் நுனியில் குத்திவைக்கும் எலுமிச்சம்பழமும், அலகின் மேல் குழைத்து வைக்கும் சந்தனமும்தான். எலுமிச்சைச் சாறு ஒரே இரவில் அலகில் சாம்பல் வளையம் போட்டுவிடும். அந்த வளையம் எந்த மெழுகுக்கும் மறையாது. மெழுகு பூசி இரண்டு நாள் ஆன வாளை வையுங்கள். பொட்டையும் மாலையையும் உறைக்கோ, வாள் படுத்திருக்கும் பலகைக்கோ வையுங்கள். பழத்தை வாளின் முன்னால் வைக்கலாம். அலகில்தான் வைக்க வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் நின்றால், அன்று இரவே துடைத்து மெழுகு போட்டுவிடுங்கள். விடிந்து பார்க்கலாம் என்று விட்ட வாள்களில்தான் அந்த வளையம் இருக்கிறது.

போலீசும் தொல்லியல் துறையும்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட வாள், கட்டாரி வகைகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. அரசு அறிவிக்கை செய்த பகுதியில் அவற்றை வைத்திருக்க உரிமம் தேவை. உங்கள் ஊருக்கு அறிவிக்கை உண்டா என்று காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்வதும், கேட்டதை எழுத்தில் வைத்துக்கொள்வதும் நல்லது. ஊர்வலத்தில் தூக்கிக்கொண்டு போவது வேறு விஷயம், அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்றால் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உரிமம் இல்லாமல் தொல்பொருள் வியாபாரமும் செய்ய முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்குக் கூரியரில் போடுவதும் ஏற்றுமதிதான். மண்ணைத் தோண்டும்போது கிடைத்ததென்றால், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

பழைய இரும்புக் கடைக்கு மட்டும் போடாதீர்கள். 1855-இல் தஞ்சை மராட்டிய அரசு முடிந்தபின் அரண்மனை ஆயுதச்சாலைக்கு நேர்ந்தது அதுதான். 1860-களில் பெரும்பகுதி உடைத்துப் பழைய இரும்பாகப் போனது. பொறுக்கி எடுத்த கொஞ்சம்தான் இன்று அருங்காட்சியகங்களில் பார்ப்பது.

துப்பாக்கியும் குண்டும்

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி கிடைத்தால், அது கெட்டித்த நிலையில் இருக்கிறது என்றே கொள்ளுங்கள். கறுப்பு வெடிமருந்து உலர்ந்த இடத்தில் நூறு வருஷம் கழித்தும் வெடிக்கும். பன்றிக்கோ திருடனுக்கோ கெட்டித்து வைத்தவர் சுடாமலே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

சோதிக்கும் முறை: குழாயின் வாய் ஆளில்லாத பக்கம், மண் சுவரைப் பார்த்திருக்கட்டும். குதிரையை, அதாவது சுடும்போது அடித்து மருந்தைப் பற்றவைக்கும் பாகத்தை, தொடாதீர்கள். குழாய்க்குள் தாராளமாக நுழையும் மரக்குச்சி ஒன்றை, பக்கவாட்டில் நின்று, இடிக்காமல் உள்ளே விடுங்கள். இரும்புக் கம்பி கூடாது, பொறி பறக்கும். தட்டி நின்றதும் வாயோடு சேர்த்துச் சாக்பீஸால் குறி போட்டு வெளியே எடுங்கள். அதே குச்சியைக் குழாயின் வெளிப்புறம், குறி வாயோடு ஒட்டும்படி வைத்துப் பாருங்கள். குச்சியின் முனை, குழாயின் அடியில் மருந்துக்கு நெருப்பு போகும் பற்றுத்துளை வரை வந்தால் குழாய் காலி. இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. குளவிக்கூடாகவும் இருக்கலாம், மருந்தும் குண்டுமாகவும் இருக்கலாம். தோண்டிப் பார்க்கவோ சூடு காட்டவோ வேண்டாம். அப்படியே வைத்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள். காலியாக இருந்தாலும் சொல்ல வேண்டும். பழுது பார்த்தால் சுடக்கூடிய எதுவும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டுமே ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவில் விலக்கு உண்டு.

பீரங்கிக் குண்டில் கெட்டிக் குண்டு, உள்ளே மருந்து அடைத்த வெற்றுக் குண்டு என இரண்டு வகை. எங்காவது துளையோ, துளையை அடைத்த மரமோ உலோகமோ தெரிந்தால் தொடாமல் விலகிவிடுங்கள். துளை இல்லாமல், முன்பே வீட்டில் இருக்கும் குண்டு என்றால் எடை ஒரு துப்பு கொடுக்கும். தையல் டேப்பால் சுற்றளவை அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம். சென்டிமீட்டரில் வந்த விட்டத்தை விட்டம் × விட்டம் × விட்டம் என்று பெருக்கி, அதை 3.75-ஆல் பெருக்கினால் கெட்டி வார்ப்பிரும்புக் குண்டின் எடை ஏறத்தாழ கிராமில் வரும். 10 சென்டிமீட்டர் விட்டத்துக்கு 3 கிலோ 750 கிராம். நிஜ எடை அதில் முக்கால் பங்கைக்கூட எட்டாவிட்டால் வெற்றுக் குண்டாக இருக்கலாம். கடலில் கிடந்தது துருவினாலும் எடை இழந்திருக்கும். சந்தேகம் வந்தால் மருந்து இருப்பதாகவே வைத்துக்கொண்டு போலீசை அழையுங்கள்.

இந்தக் கணக்கு உருண்டைக் குண்டுக்கு மட்டும். நீள வடிவ ஷெல் எதற்கும் எந்தக் கணக்கும் கிடையாது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னை மேல் பொழிந்தது அந்த வகைதான். அதன் துண்டு ஒன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெடித்த துண்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். வெடிக்காததைப் படம் எடுக்கக்கூடக் கிட்டே போக வேண்டாம். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் தோட்டம் கொத்தும்போது வருவது எல்லாம் இந்தக் கடைசி வகையில் சேரும். குறி ஒன்றை வைத்துவிட்டு, வந்த காலடித் தடத்திலேயே திரும்பி, பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் குழுவுக்கோ அறிவியுங்கள்.

கெட்டிக் குண்டுதான், கடலிலிருந்து இப்போதுதான் வலையில் வந்தது என்றால், காயவிடாதீர்கள். காய்ந்த சில வாரங்களில் வெங்காயம் உரிவதுபோல அடுக்கடுக்காகப் பிளந்து உதிரும். பிளாஸ்டிக் வாளியில், லிட்டருக்கு 20 கிராம் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் முழுக முக்கி மூடி வையுங்கள். சோடியம் கார்பனேட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஆப்ப சோடா ஆகாது. உப்பை வெளியே இழுக்கும் வேலை ஆய்வுக்கூடத்தில் வருஷக்கணக்கில் நடக்கும். அதுவரை அந்த வாளிதான் அதன் வீடு.